இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி

கல்யாண வீடியோ எடுக்க ஒப்புக்கொள்ளும்போதே உஷாராணி அக்கா ஒன்றைச் சொல்லிவிடுவார். பெண் வீட்டுக்கு ஒரு பிரதி, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பிரதி. "எதுக்கு அக்கா ரெண்டு, இனிமே ஒரே குடும்பந்தானே" என்று யாராவது சொன்னால், "இன்னிக்கு ஒரே குடும்பம்லா" என்பார், சிரிக்காமல். பிறகு, "தொலஞ்சிட்டா என்கிட்ட வாங்க. என்கிட்ட இருக்கும்" என்றும் சொல்வார்.

கிள்ளானில் பாதிப் பேருக்கு அவர் உஷாக்கா. துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டும் சுகுமாறன் அண்ணனின் மனைவி. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு போட்டோக் கடையில் கல்லாவில் நிற்கப் போனவர். ஒரு சடங்கு வீட்டில், பெண்ணை அலங்கரிக்கும் அறைக்குள் ஆண் கேமராக்காரரை விடமாட்டோம் என்று அத்தைமார்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். கடை முதலாளி கேமராவை உஷாக்காவின் கையில் கொடுத்து, சிவப்புப் பொத்தானைக் காட்டி, உள்ளே அனுப்பினார். அன்று எடுத்ததில் பாதி கூரைக் காத்தாடிதான் என்று அவரே சொல்வார். ஆனால் அடுத்த மாதம் இன்னொரு வீட்டிலிருந்து, "அந்தப் பொம்பளப் பிள்ளைய அனுப்புங்க" என்று கேட்டு வந்தார்கள். கல்லாவுக்கு அவர் திரும்பவே இல்லை.

இத்தனை வருடத்தில் அவர் கண்டுகொண்டது ஒன்று. கல்யாணத்தைப் பார்க்க யாரும் திரும்பி வருவதில்லை. அதில் ஓரமாக நின்றவர்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு வருகிறார்கள். "எங்க சித்தப்பா பந்தியில சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு பாருங்க, அந்த இடம் மட்டும் வேணும்" என்பார்கள். உஷாக்கா தேடித் தருவார்.

அதற்காகவே அவரிடம் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும். ஒன்று மாடி அலமாரியில், மற்றது கீழே அண்ணனின் கருவிப்பெட்டிக்குப் பக்கத்தில். வேண்டுமென்றேதான் தனித்தனியாக வைத்திருந்தார். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் இரண்டும் ஒரே இடத்துக்கு வரும், ஆயுத பூசைக்கு. கேமரா, லென்ஸ், முக்காலி, லோரிச் சாவி, இரண்டு டிஸ்க், எல்லாவற்றையும் மடக்கு மேசையில் வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இடுவார். சோறு போடும் எதையும் பூசையில் விட்டுவிட அவருக்கு மனம் வராது.

போன வருடம், அண்ணன் தீபாராதனைத் தட்டை எடுக்கக் குனிந்தபோது மேசையின் ஒரு கால் மடங்கிக்கொண்டது. கேமராக்கள் மெத்தைப் பைக்குள் இருந்ததால் தப்பின. டிஸ்க் இரண்டும் டைல்ஸ் தரையில் விழுந்தன.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சே. மேசைக்கு வச்சியா?" என்றார் சுகுமாறன் அண்ணன், சூழ்நிலையை லேசாக்க நினைத்து. அக்கா மூன்று நாள் அவரிடம் பேசவில்லை.

கோலாலம்பூரில் இப்படிக் கெட்ட டிஸ்க்கிலிருந்து மீட்டெடுக்கும் ஓரிடத்துக்கு நான்தான் கொண்டுபோனேன். ஒன்றைத் திறக்கவே முடியவில்லை. மற்றதிலிருந்து சமீப வருடங்கள் வந்தன. பழையவை வரவில்லை.

நான் ஏன் கொண்டுபோனேன் என்றால், எங்கள் தாமானில் கம்ப்யூட்டர் படித்தவள் நான். என் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவளும் நான்தான். ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் பக்கத்தில் நடந்த என் பட்டமளிப்புக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். படம் எடுத்தது உஷாக்காதான். இப்போது பங்சாரில் ஓர் அலுவலகத்தில், கடவுச்சொல் மறந்தவர்களுக்குப் புதியது போட்டுத் தருகிறேன். இதை அம்மாவிடம் எத்தனை முறை விளக்கினாலும், "என் மக புனிதாவுக்கு கம்ப்யூட்டர்ல தெரியாதது இல்ல" என்றுதான் ஊருக்குச் சொல்கிறார். அந்தப் பேச்சை நம்பித்தான் அக்கா என்னிடம், "இனிமே இப்படி ஆகாத மாதிரி ஒரு ஏற்பாடு செஞ்சு குடும்மா" என்றார். நான்கு டிஸ்க் போடக்கூடிய ஒரு பெட்டியை வாங்கச் சொன்னேன். வீட்டிலேயே வைக்கும் சேமிப்பு சர்வர் அது. எந்த டிஸ்க் எதைக் காப்பாற்றும் என்கிற அமைப்பைத்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை நான் அதுவரை யாருக்கும் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில்லை. அக்காவிடம் அதைச் சொல்லவுமில்லை.

பெட்டி வந்த சனிக்கிழமைதான் இந்துஜாவும் வந்தார். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்திருந்தார். பத்து வருடங்களுக்கு முன் அவருடைய கல்யாணத்தை அக்கா எடுத்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். மாப்பிள்ளை குகன் ராவாங்கைச் சேர்ந்தவர். கல்யாணம் மூன்று வருடந்தான் தாங்கியது.

"அப்பா போன மாசம் தவறிட்டார் அக்கா," என்றார் இந்துஜா. "ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து பேச்சே இல்ல. என் போன்ல இருக்குற வீடியோ எல்லாம் அதுக்கப்புறம் எடுத்தது. சிரிப்பார், தலையாட்டுவார், அவ்வளவுதான். குரல் இருக்குறது என் கல்யாணத்துல மட்டுந்தான். ரிசெப்ஷன்ல மைக் பிடிச்சுப் பேசினார். என்ன பேசினார்னுகூட எனக்குத் தெரியாது, நான் அப்ப உள்ள சேலை மாத்திக்கிட்டு இருந்தேன்."

"உங்க வீட்டு காப்பி?"

"டைவர்ஸ் ஆனப்ப தூக்கிப் போட்டுட்டேன். குப்பை லோரி வர்ற அன்னிக்கு நானே வெளிய வச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்ககிட்ட இருக்கும்னு தைரியம்" என்றார்.

அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தார். "என்கிட்ட இல்லம்மா," என்று ஆரம்பித்து, மேசை, தரை, டிஸ்க் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான்."

இந்துஜா நெடுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஏதாவது வெளியே வரும் என்பதுபோல.

"ராவாங்ல ஒண்ணு இருக்கும்," என்றார் அக்கா. "குகன் அம்மாகிட்ட. நான் கையில கொடுத்தது ஞாபகம் இருக்கு."

"வேணாம் அக்கா. அவங்க முன்னாடி போய் நிக்கறதுக்கு, இல்லாமலே இருக்கட்டும்."

அவர் போன பிறகு அக்கா கேட்டைப் பூட்ட மறந்து உள்ளே வந்தார். "அந்தப் பொண்ணு அப்பா குரல் இப்ப ராவாங்ல ஏதோ ஒரு டிராயருக்குள்ள கெடக்கு. நான் கேக்கவும் கூடாது, கேக்காம இருக்கவும் முடியல" என்றார். பிறகு வேறு வழியில்லாமல் என் மடிக்கணினியைக் காட்டி, "சரி, நீ உன் வேலைய சொல்லு" என்றார்.

நான் ஓர் அட்டவணை தயாரித்து வைத்திருந்தேன். நான்கு அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் நன்மை தீமை, வண்ணம் தீட்டிய கட்டங்கள். முந்தைய இரவு பார்க்கும்போது எனக்கே பெருமையாக இருந்தது. அக்காவின் முன் விரித்தபோதுதான், அதில் இருப்பதெல்லாம் இணையக் குழுக்களில் முகம் தெரியாதவர்கள் சண்டை போட்டுக்கொண்டு சொன்னவை என்று உறைத்தது. என் கருத்து என்று ஒரு வரிகூட இல்லை. பட்டம் வாங்கியவள் வேறு எதைத்தான் வாங்கினாள் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

"ஒண்ணு, கண்ணாடி மாதிரி," என்றேன். "ரெண்டு டிஸ்க். ஒண்ணுல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும். ஒண்ணு கெட்டா மத்தது முழுசா இருக்கும். ஆனா ரெண்டு வாங்கி ஒண்ணோட இடந்தான் கெடைக்கும்."

"அது நான் செஞ்சதேதானே."

"அதேதான். ஆனா நீங்க கையால பண்ணினீங்க, இது தானா பண்ணும். இன்னொண்ணு, பங்கு போடுறது. நாலு டிஸ்க்லயும் துண்டு துண்டா எழுதும், கூடவே ஒரு கணக்கையும் எழுதி வைக்கும். எதுலயும் முழுசா இருக்காது. ஒண்ணு கெட்டா, மத்த மூணும் சேர்ந்து கணக்குப் போட்டு அதுல இருந்தத திருப்பி எழுதிடும். இடம் நெறைய கெடைக்கும். நெட்ல பாதிப் பேரு இதைத்தான் சொல்றாங்க."

"நீ என்ன சொல்றே?"

"யோசிச்சு சொல்றேன் அக்கா."

"படிச்ச பிள்ள, நீயே யோசிக்கணுமா," என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று புரியவில்லை. எனக்கு முகம் சுட்டது. இரண்டு டிஸ்க்கை வேறு வேறு கடையில் வாங்குங்கள், ஒரே நாளில் செய்தவை ஒரே நேரத்தில் கெடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் அக்கா இந்துஜாவுக்கு மறுபடி போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "நீ வர வேணாம்மா. நான் எடுத்த வீடியோ, நான் தொலச்சேன், நான் போய்க் கேக்குறேன்" என்றார். "நீங்க கேக்குறதுன்னா கேளுங்க. நான் கேட்டதா இருக்கக் கூடாது" என்றார் இந்துஜா.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை என் மைவி காரில் ஏற்றிக்கொண்டு ராவாங்குக்குப் போனேன். அக்கா முன்பே போன் செய்திருந்ததால், குகனின் அம்மா இராஜம்மா கேட்டருகிலேயே கைப்பையோடு நின்றிருந்தார். நாங்கள் இறங்குவதற்குள் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டு, வீட்டைப் பார்த்து, "பாசாருக்குப் போய்ட்டு வந்துர்றேன்ம்மா" என்று குரல் கொடுத்தார். உள்ளிருந்து ஓர் இளம்பெண், "சரி அத்தே, கங்குங் இருந்தா வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"ஓட்டு, ஓட்டு," என்றார் இராஜம்மா என்னிடம். தெரு திரும்பியதும் உஷாக்காவின் தோளைத் தட்டினார். "கல்யாண வீடியோவுல என்னை இம்மாம் பெருசா காட்டினியே, அந்தக் கோவம் இன்னும் இருக்கு எனக்கு."

"நான் காட்டல அக்கா. நீங்க இருந்தீங்க."

"வாய் மட்டும் கொறையல." இராஜம்மா சிரித்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவிழ்க்கவில்லை. "இப்ப வந்திருக்குற மருமக நல்ல பொண்ணு. அதனாலதான் ஒளிச்சு வைக்க வேண்டியிருக்கு. கெட்டவளா இருந்தா டிவியிலேயே போட்டு விட்டிருப்பேன்."

பாசார் சந்தையின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். எனக்கு வாய் அடங்கவில்லை. "ஆன்டி, இத்தனை வருஷம் எதுக்கு வச்சிருந்தீங்க?"

அவர் கைக்குட்டையைப் பார்த்தபடியே பேசினார். "சம்பந்தி அதுல ஒரு வார்த்தை சொல்லுவாரு. அன்னிக்கு நாங்க எல்லாரும் கைதட்டிச் சிரிச்சோம். எதைச் செய்யாதீங்கன்னு சொன்னாரோ, வீட்டுக்குப் போய் அதையேதான் செஞ்சோம். குகன் செஞ்சான். நான் அவனுக்கு மேல செஞ்சேன்." சற்றுப் பொறுத்து, "அவரு தவறிட்டதா கேள்விப்பட்டேன். வரலாமான்னு தெரியல. வரல" என்றார். பிறகு அக்காவிடம், "கேட்டது அந்தப் பொண்ணா?"

அக்கா சீட் பெல்ட்டை அவிழ்ப்பதில் மும்முரமானார்.

"சரி, சொல்லாத. நான் கேக்கல." முடிச்சை அவிழ்த்து, சின்னப் பென்டிரைவை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். "எடுத்துட்டுப் போ. திருப்பிக் கொண்டாராத. வீட்டுல வச்சுக்கிட்டு பயந்து பயந்து இருக்க முடியல. தூக்கிப் போடவும் மனசு வரல. உன்கிட்ட இருக்கும்தானே?"

இத்தனை வருடம் எல்லோரிடமும் சொன்ன ஒரு சொல்லை அக்காவால் அப்போது சொல்ல முடியவில்லை. பென்டிரைவை என்னிடம் நீட்டினார். "புனிதா, வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி காப்பி பண்ணும்மா."

மடிக்கணினியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துக் காப்பி போட்டேன். பழைய பென்டிரைவ், மெதுவாக ஊர்ந்தது. பாதியில் ஒரு முறை நின்றது. மறுபடி நகர்ந்தது. இராஜம்மா இறங்கிப்போய், சொன்ன பொய் உண்மையாகட்டும் என்று இரண்டு கட்டு கங்குங் கீரை வாங்கி வந்தார். உஷாக்காவுக்கும் ஒரு கட்டு கொடுத்தார்.

அவரை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அக்கா கங்குங் கட்டை மடியில் வைத்திருந்தார். நான் அந்தப் பென்டிரைவையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். இவ்வளவு சின்னது, இவ்வளவு பழையது, ஆனால் அதற்குள் கல்யாணம் முழுசாக இருந்தது. அது திறந்துகொள்ள இன்னொன்று தேவைப்படவில்லை.

"அக்கா, கண்ணாடி மாதிரியே போடலாம்," என்றேன்.

"நெட்ல மத்ததத்தான் சொல்றாங்கன்னியே."

"அவங்களுக்கு எடம் வேணும். பங்கு போட்டு வைக்கிறதுல தப்பில்ல, மத்ததெல்லாம் ஒழுங்கா சேர்ந்து வரணும், அவ்வளவுதான். ராவாங்ல பாதியும் பிரிக்ஃபீல்ட்ஸ்ல பாதியும் இருந்திருந்தா, இன்னிக்கு நாம வெறுங்கையோடதான் வந்திருப்போம். இந்துஜாவோட பாதி குப்பை லோரியில போயாச்சு. ஒவ்வொண்ணுலயும் முழுசா இருக்கட்டும் அக்கா. பெட்டி கெட்டாலும் ஒரு டிஸ்க்க உருவி வேற கம்ப்யூட்டர்ல படிச்சுக்கலாம். கொஞ்சம் மெனக்கெடணும், ஆனா முடியும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தொடர்ந்து சொன்னேன். பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் போட்டாலும் பெட்டி ஒன்றுதான், வீடு ஒன்றுதான். வெள்ளமோ திருடனோ வந்தால் எல்லாம் சேர்ந்தே போகும், தெரியாமல் யாராவது அழித்தால் கண்ணாடியும் சேர்ந்தே அழிக்கும். அதனால் மூன்றாவதாக ஒரு டிஸ்க் வேண்டும். அது அவர் வீட்டில் இருக்கக் கூடாது, எங்கள் வீட்டிலும் வேண்டாம், இரண்டும் ஒரே தெரு. இதெல்லாம் நான் படித்ததுதான். ஆனால் அட்டவணையைப் பார்க்காமல் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா என்கிற சந்தேகம் அப்போதும் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அதோடுதான் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டும் போலிருக்கிறது.

வேறு வேறு கடையில் வாங்கிய இரண்டு டிஸ்க்கையும் பெட்டியில் போட்டு, மீண்டவை எல்லாவற்றையும் ஏற்றினோம். மூன்றாவதிலும் அதையே எழுதி, அதைக் கையில் வைத்துக்கொண்டே பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். எங்கே வைப்பது என்று அக்கா முடிவு செய்திருக்கவில்லை. முதலில் இந்துஜாவுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

கூடத்தில் டிவியில் போட்டேன். இந்துஜாவின் அப்பா சண்முகரத்தினம் அங்கிள் சாம்பல்நிறக் கோட்டில் மேடையேறி, மைக்கை இரண்டு முறை தட்டினார்.

"வெள்ளை வேன் ஒண்டு வாசலை மறிச்சு நிக்குது. ஆரின்ர எண்டாலும் தயவுசெய்து எடுங்கோ," என்றார் முதலில். இந்துஜா சட்டென்று சிரித்துவிட்டார். கையால் வாயை மூடிக்கொண்டார்.

"இனி சம்பந்தி வீட்டாருக்கு ஒண்டு. என்ர மகள் சரியான பிடிவாதக்காரி. நான் மாத்தப் பாத்து ஏலாமப் போச்சு. நீங்களும் மாத்தப் பாக்காதேங்கோ. அப்பிடியே வச்சிருங்கோ. அவ்வளவுதான். எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்கோ."

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இராஜம்மா எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்துஜா அதை மறுபடி போட்டார். மூன்றாம் முறை சத்தத்தை மட்டும் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு. கீழே ஏதோ கடையின் வானொலி பாடிக்கொண்டிருந்தது.

"ராவாங்குக்கு அவங்க காப்பிய திருப்பிக் கொடுத்துட்டீங்களா?" என்றார் கடைசியில்.

"வேணாம்னுட்டாங்கம்மா. வீட்டுல வச்சுக்க முடியலையாம்."

"அப்ப ஏன் இத்தனை வருஷம் வச்சிருந்தாங்க?"

அக்கா காரில் நடந்ததைச் சொன்னார், இராஜம்மாவின் வார்த்தைகளிலேயே. "நான் அவனுக்கு மேல செஞ்சேன்" என்றதையும் விடவில்லை. இந்துஜாவின் முகத்தில் கோபமும் தெரியவில்லை, அது போய்விட்டது என்றும் சொல்ல முடியவில்லை.

என் மடியில் இருந்த மூன்றாவது டிஸ்க்கை அவர் கவனித்தார். "இது?"

எதற்கு என்று விளக்கினேன். கிள்ளானுக்கு வெளியே ஓரிடம் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். கேட்பதற்கு அக்காவுக்குத் துணிவில்லை, எனக்கும்தான்.

"இதுலயும் அந்த வீடியோ இருக்கா?"

"இருக்கு. இன்னும் நெறையப் பேரோடதும் இருக்கு."

இந்துஜா டிஸ்க்கை வாங்கி, எடை பார்ப்பதுபோலக் கையில் வைத்திருந்தார். பிறகு எழுந்து, அலமாரியில் துணிகளை நகர்த்தி இடம் செய்தார்.

"இங்கயே இருக்கட்டும்," என்றார். "அவங்க ராவாங் காப்பியும்."